காந்தம் ஒட்டலை, அப்புறம்?
உலையடிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான். ஒரு துண்டு உலோகத்தின் போட்டோ, கூடவே "காந்தம் ஒட்டலைங்க, இது என்ன?" என்று ஒரு வரி. காந்தம் ஒட்டினால் இரும்பு, சரி. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவும் இருக்கலாம், துத்தநாகம், பித்தளை, காரீயம் என்று எதுவாகவும் இருக்கலாம். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரிலேயே பாதிக்குக் காந்தம் ஒட்டாது. போட்டோவைப் பார்த்துப் பெயர் சொல்கிற வித்தை எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் துண்டு உங்கள் கையில்தானே இருக்கிறது, அதையே பேச வைக்கலாம்.

வணக்கமுங்க அண்ணா. தறிக்குடோனுக்குப் பின்னால் சின்னதாக ஒரு உலை போட்டிருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் 14 கிலோ வெள்ளைச் சாமான் வாங்கினேன். ஜன்னல் பட்டை, பைக் இன்ஜின் மூடி, அலாய் வீல் துண்டு, கதவுக் கைப்பிடி, குக்கர் எல்லாம் கலந்திருக்கிறது. எல்லாமே அலுமினியம்தான் என்கிறார் கடைக்காரர். குலசாமி கோயிலுக்கு ஒரு வேல் வார்க்க ஆசை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உருக்கிவிடலாமா? (வாசகர், பல்லடம்)

வேண்டாம் தம்பி. கடைக்காரருக்கு வெள்ளையாக இருப்பது அலுமினியம், மஞ்சளாக இருப்பது பித்தளை. கிலோவில் வாங்கி டன்னில் விற்கிறவருக்கு அது போதும், வார்க்கிற நமக்குப் போதாது. அதற்காக ஒவ்வொரு துண்டுக்கும் ஜாதகம் கணிக்க வேண்டியதும் இல்லை. கையில் எடுத்ததும், இது முன்னால் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று மட்டும் கேளுங்கள். முக்கால்வாசி பதில் அதிலேயே வந்துவிடும்.

உங்கள் ஜன்னல் பட்டை அச்சில் பிதுக்கி எடுத்தது. அந்த அலுமினியத்தில் சிலிக்கான் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அலாய் வீலும் இன்ஜின் மூடியும் வார்த்து எடுத்தவை, அவற்றில் சிலிக்கான் 7 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். உருகிய அலுமினியத்தைத் தண்ணீர் மாதிரி ஓட வைப்பது இந்தச் சிலிக்கான்தான். ஜன்னல் பட்டையை மட்டும் உருக்கி வேல் வார்த்தால், நுனி வரைக்கும் உலோகம் போய்ச் சேராது, மொண்ணை வேல்தான் கிடைக்கும். தண்டு தடிமனாகிற இடத்தில் குழி விழுந்து உள்வாங்கியும் இருக்கும். குக்கரும் பட்டை ஜாதிதான், தகட்டை அழுத்திச் செய்தது. வேலுக்கு முதல் தேர்வு அந்த அலாய் வீல். அதிலுள்ள பெயிண்டைச் சுரண்டிவிட்டு உருக்குங்கள், இல்லையென்றால் புகை உங்கள் தொண்டைக்குத்தான் வரும்.

எது வார்த்தது, எது பிதுக்கியது என்று வடிவத்தைப் பார்த்துத் தெரியவில்லையா, டிரில் போட்டுப் பாருங்கள். நீளச் சுருளாக வந்தால் பட்டை ஜாதி, உதிர்ந்து பொடியாக வந்தால் வார்ப்பு ஜாதி. சுத்தியலால் ஒரு மூலையில் அடித்தாலும் தெரியும். குக்கர் வளையும், இன்ஜின் மூடி உடையும். அவ்வளவுதான், இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

அந்தக் கதவுக் கைப்பிடிதான் வில்லன். பளபளப்புக்குக் கீழே அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை, பவுண்டரியில், அதாவது வார்ப்பட ஆலையில், ஜிங்க் டைகாஸ்டிங் என்பார்கள். 390 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், அலுமினியத்துக்கோ 660 வேண்டும். கைப்பிடி முதலில் உருகி அடியில் தேங்கும், பிறகு அலுமினியத்தோடு கலந்துவிடும். அப்படி நிறையக் கலந்துபோனால் அச்சுக்குள் ஆறுகிற நேரத்திலேயே வெடிப்பு விடும். வெளியே எடுத்த வேலில் ஒரு கோடு தெரியும், மணலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இவற்றைப் பிரிக்க என் கைவசம் இருக்கும் நல்ல வித்தை, சமையலறை டிஜிட்டல் தராசு. துண்டை முதலில் அப்படியே நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அந்த எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, துண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, நூலை நீங்கள்தான் பிடித்திருக்க வேண்டும். இப்போது தராசு காட்டுகிற கிராம்தான் அந்தத் துண்டின் கன அளவு. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 214 கிராம் துண்டுக்குத் தண்ணீரில் 79 காட்டினால் 2.7, அது அலுமினியம். 330 கிராம் கைப்பிடிக்கு 50 காட்டினால் 6.6, அது துத்தநாகக் கலவை. மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன், உலைக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள்: மக்னீசியக் கலவை 1.8, வார்ப்பிரும்பு 7.2, வெள்ளீயம் 7.3, அலுமினியம் கலந்த வெண்கலம் 7.6, உருக்கு 7.8, பித்தளை 8.4 அல்லது 8.5, கன்மெட்டல் (பம்ப், வால்வு வார்க்கிற செம்புக் கலவை) 8.7 அல்லது 8.8, செம்பு 8.9, காரீயம் 11.3. துண்டில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளே பொள்ளல் இருந்தாலும் கணக்கு தப்பும், அதனால் ஒரு தடவை நன்றாக உலுக்கிவிட்டு அளவெடுங்கள்.

அலுமினியத்திலேயே ரகம் பிரிக்கக் காஸ்டிக் சோடா உதவும், பக்கத்தில் சாயப்பட்டறைத் திருப்பூர் இருக்கும்போது அதற்குப் பஞ்சமில்லை. கைக்கு ரப்பர் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அரம் போட்டுச் சுத்தமாக்கிய இடத்தில் ஒரு சொட்டு வைத்துச் சில நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் சுத்த அலுமினியம் அல்லது ஜன்னல் பட்டை ரகம், சாம்பல் பூத்தால் சிலிக்கான் ரகம், கன்னங்கரேல் என்று கறுத்தால் செம்பு கலந்த ரகம்.

குவியலைப் பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருக்கி, பழைய வார்ப்பிரும்புக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றிக் கட்டிகளாக்கி, பெயிண்டால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சட்டியை ஊற்றுவதற்கு முன் நன்றாகச் சூடாக்க வேண்டும், ஈரம் துளி இருந்தாலும் உலோகம் முகத்துக்கு வரும். அப்புறம் அந்தச் சட்டியில் பணியாரம் சுடக்கூடாது, இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஐயா, தென்னை மரம் அறுக்கிற மெஷின் பழுதாகி மூன்று கிடக்கிறது. அதன் உடம்பு அலுமினியத்தைவிட லேசாக இருக்கிறது. நல்ல ரக அலுமினியம் என்று எடுத்து வைத்திருக்கிறேன், உருக்கலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

உருக்காதீர்கள்! கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. செயின் சாவைக் கையில் தூக்கிப் பிடித்து வேலை செய்கிறவருக்கு எடை குறைய வேண்டும் என்று அதன் இன்ஜின் கூட்டை மக்னீசியத்தில் வார்ப்பது வழக்கம். அலுமினியத்தைவிட லேசாக இருப்பதை நல்ல ரகம் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அந்த லேசுதான் எச்சரிக்கை. தராசு வித்தையைச் செய்தால் 1.8 என்று வரும். இன்னும் சுலபமாக வேண்டுமென்றால், அரம் போட்ட இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மக்னீசியம் உடனே சோடா மாதிரி நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும்.

மக்னீசியமும் அலுமினியமும் உருகுகிற சூடு ஏறக்குறைய ஒன்றுதான், 650, 660. அதனால் உருக்குகிற மூசைக் கிண்ணத்தில் முதலில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மூடியைத் திறந்து காற்றுப் பட்டதும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை நெருப்பாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் அந்தத் தண்ணீரையே பிளந்து ஹைட்ரஜனாக்கி இன்னும் பெரிதாக எரியும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அடித்தாலும் அணையாது, அதிலிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு எரியும். ஈர மணலும் கூடாது. வெளியிடத்தில் பிடித்துவிட்டால் தள்ளி நின்று எரிந்து தீர விடுங்கள், உற்றுப் பார்க்காதீர்கள். மூன்று கூட்டையும் மக்னீசியம் என்று சொல்லியே கடையில் போட்டுவிடுங்கள். அரத்தூளைக் கூட்டி அள்ளி உலைப் பக்கம் கொட்டிவிட வேண்டாம், தூள்தான் கட்டியைவிடச் சீக்கிரம் பற்றும்.

லாரி, ரிக் வண்டி பிஸ்டன்கள் எங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கும். வார்க்க நல்லதா? (வாசகர், திருச்செங்கோடு)

அருமையான சரக்கு. சூட்டில் அதிகம் விரியக்கூடாது என்பதற்காகப் பிஸ்டனில் சிலிக்கான் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சூட்டிலும் வலு குறையாமல் இருக்கச் செம்பு, நிக்கல், மக்னீசியம் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். நன்றாக ஓடும், ஆறினால் கெட்டியாக நிற்கும். கப்பி, புல்லி, கைப்பிடி மாதிரி தேய்மானம் உள்ள சாமானுக்கு ஏற்றது. ஆனால் வளைத்து நிமிர்த்துகிற வேலைக்கு ஆகாது, ஒடிந்துவிடும். ரிங்கையும் பின்னையும் கழற்றிவிட்டு, மேலே பிடித்திருக்கும் கரியைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். பெரிய டீசல் பிஸ்டனில் மேல் ரிங் உட்காரும் பள்ளத்துக்கு உள்ளே வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை வைத்தே வார்த்திருப்பார்கள். அது உருகாமல் அடியில் கிடக்கும். உருகியதும் இடுக்கியால் உடனே எடுத்துவிடுங்கள், ஊறவிட்டால் இரும்பு கரைந்து அலுமினியம் நொறுங்கலாகும். இரும்புச் சட்டியிலேயே அலுமினியம் உருக்குகிறவர்களுக்கும் இதே தொல்லைதான்.

அண்ணா, பழைய குழாய்களை உடைத்துப் பித்தளை விளக்கு வார்க்க முயன்றேன். குமிழ், கைப்பிடி எல்லாம் சேர்த்துப் போட்டேன். வெள்ளைப் புகை கிளம்பி, பஞ்சு மாதிரி பறந்தது. அன்று ராத்திரி குளிரும் காய்ச்சலும், உடம்பெல்லாம் வலி. மறுநாள் சாயங்காலம் தானாகச் சரியாகிவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? (வாசகி, ஈரோடு)

உண்டு அம்மணி, நேரான சம்பந்தம். பறந்த பஞ்சு துத்தநாக ஆக்சைடு. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், பித்தளையை ஊற்ற 1000 டிகிரியைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அதனால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பித்தளையில் கொஞ்சம் புகை இருக்கும். உங்களுக்கு அதிகமானதற்குக் காரணம் குமிழும் கைப்பிடியும்தான். குழாயின் உடம்பு பித்தளையாக இருந்தாலும், மேலே திருகுகிற குமிழ் பல குழாய்களில் முழுக்க துத்தநாகக் கலவை. குரோம் பூச்சு இரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடுகிறது. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் குரோம், நிக்கல் போய் அடியில் மஞ்சள் தெரிய வேண்டும். மஞ்சள் வராமல் வெளிறிய சாம்பல் நிறம் வந்தால் தூரப் போடுங்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு உலோகப்புகைக் காய்ச்சல் என்று பெயர். புகையைச் சுவாசித்துச் சில மணி நேரம் கழித்து வரும், ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும், மலேரியா என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. பால் குடித்தால் வராது என்று பவுண்டரிகளில் சொல்வார்கள், நானும் வருஷக்கணக்கில் குடித்திருக்கிறேன், பால் நன்றாக இருந்தது, காய்ச்சலும் வந்தது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். உருகிய பித்தளையின் மேல் அடுப்புக்கரித் தூளோ கண்ணாடித் தூளோ போர்வையாகப் போட்டு, கிளறாமல், தேவைக்கு மேல் சூடு ஏற்றாமல் சட்டென்று ஊற்றுங்கள். அடுத்த முறை மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், துத்தநாகப் புகை பிடித்தேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மஞ்சள் சாயலில் பளபளக்கும் பழைய போல்ட், நட் எதையும் உலைக்குள் விடாதீர்கள். அது காட்மியம் பூச்சாக இருந்தால், அந்தப் புகை ஆளையே சாய்த்துவிடும்.

போன இதழில், கன்மெட்டலையும் பித்தளையையும் நிறத்தைப் பார்த்தே பிரிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருஷம் மோல்டிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன், டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். எழுதும்போது பார்த்து எழுதவும். (வாசகர், கணபதி, கோவை)

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. வெயிலில், புதிதாக அரம் போட்ட இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும் கன்மெட்டல் சிவப்பு ஓடியும் தெரியும் என்று எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நகைப்பட்டறையில் கொடுத்து, கொஞ்சம் அரத்தூளில் நைட்ரிக் ஆசிட் விடச் சொல்லலாம். தூள் கரைந்து தெளிந்த நீலப்பச்சையாக இருந்தால் பித்தளை, அடியில் வெள்ளை மண்டி தங்கினால் வெள்ளீயம் இருக்கிறது, அதாவது கன்மெட்டலோ வெண்கலமோ. அந்தப் பழுப்புப் புகையை மோந்து பார்க்கக் கூடாது. வீட்டில் செய்ய வேண்டாம் என்பதால்தான் பட்டறையைச் சொல்கிறேன்.

பிரிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பவுண்டரியில் பம்ப் வால்வுக்குக் கன்மெட்டல் உருக்கிக்கொண்டிருந்தோம். தங்க நிறத்தில் ஒரு பழைய புஷ் (தண்டு உள்ளே சுழலும் வளையம்) கிடந்தது, நானே எடுத்து உள்ளே போட்டேன். அது அலுமினியம் கலந்த வெண்கலம். வார்ப்பு பார்க்க அழகாக வந்தது, கடைசலும் முடிந்தது. தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது வால்வு வால்வாக வியர்த்தது, ஆமாம், உலோகத்தின் மேலேயே முத்து முத்தாக. காரீயம் சேர்ந்த கன்மெட்டலில் அலுமினியம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது தரக்கணக்கு, நான் போட்டது ஒரு முழு புஷ். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, அந்த வால்வுகளையெல்லாம் என்னையே உடைக்கச் சொன்னார். தராசில் போட்டிருந்தால் அன்றைக்கே 7.6 என்று காட்டியிருக்கும்.

எங்கள் காளையின் கழுத்து மணி, அப்பாரு காலத்தது, கீழே விழுந்து உடைந்துவிட்டது. அதே மாதிரி வார்க்க மோட்டார் பம்பின் கன்மெட்டல் புஷ், இம்பெல்லர் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வார்த்தும் பார்த்தேன், தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்தான் வருகிறது. ஏனுங்க? (வாசகர், காங்கேயம்)

உங்கள் பழைய மணி உடைந்தது என்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. பித்தளை மணியாக இருந்திருந்தால் நசுங்கியிருக்கும். உடைந்த விளிம்பைப் பாருங்கள், மஞ்சளாக இல்லாமல் வெள்ளி மாதிரிச் சாம்பல் வெளுப்பாக இருந்தால் அது அசல் மணி வெண்கலம். செம்பு நூற்றுக்கு எழுபத்தெட்டு, வெள்ளீயம் இருபத்திரண்டு என்கிற கணக்கை ஒட்டியிருக்கும். வெள்ளீயம் அந்த அளவுக்கு ஏறினால் உலோகம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், தட்டினால் நெடுநேரம் ரீங்காரம் போடும், கல்லில் விழுந்தால் உடையும். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்று வராது.

பம்ப் கன்மெட்டலின் வழக்கமான சேர்க்கை செம்பு 85, வெள்ளீயம் 5, காரீயம் 5, துத்தநாகம் 5. தண்ணீர் கசியாமல் இருக்க, கடைசலில் நன்றாக வெட்டுப்பட, புஷ் தண்டோடு உரசும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தக் காரீயம் தேவை. அதே காரீயம் உள்ளே மெத்து மெத்தென்று குட்டிக் குட்டிப் பொட்டாகத் தங்கி, மணியின் அதிர்வைத் தின்றுவிடும். நீங்கள் எவ்வளவு அழகாக வார்த்தாலும் புஷ் மணி ஆகாது. சேர்த்து வைத்ததை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்குச் செம்பும் வெள்ளீயமும் தனித்தனியாக வேண்டும். செம்புக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பழைய கம்பி கேளுங்கள், அது நல்ல சுத்தமான செம்பு. அதன் மேல் பிளாஸ்டிக் உறை இருந்தால் கத்தியால் உரித்து எடுங்கள், தோட்டத்தில் குவித்து எரிக்க வேண்டாம், அந்தப் புகை ஆட்டுக்கும் மாட்டுக்கும் உங்களுக்கும் சேர்த்துக் கெடுதல். வெள்ளீயத்துக்குச் சாதாரண ரேடியோ சால்டர் கம்பி ஆகாது, 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் என்று விற்பதுதான் அதிகம். காரீயமில்லாத சால்டரில் செம்பு மட்டும் சேர்த்த ரகம் என்று கேட்டு வாங்கலாம், அதில் 99 சதவீதத்துக்கு மேல் வெள்ளீயம், மிச்சம் செம்புதான், நமக்கு இடைஞ்சலில்லை. விலை கசக்கும். ஒரு கிலோ மணிக்கு 780 கிராம் செம்பு, 220 கிராம் வெள்ளீயம். செம்பைக் கரித்தூள் போர்வைக்குள் முழுக்க உருக்கிய பிறகு கடைசியில் வெள்ளீயத்தைப் போட்டு, ஒரு தடவை கலக்கி, உடனே ஊற்றுங்கள். உடைந்த பழைய மணியின் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம், அளவு கெடாது. அப்பாரு மணியின் குரலில் கொஞ்சமாவது புது மணிக்கு வரட்டும்.

உங்கள் ஊருக்குத் தூரமில்லாத கொடுமணலில், சென்னிமலைக்குப் பக்கம் நொய்யல் கரையில், சங்ககாலத்து இரும்பு உலைகள் தோண்டி எடுக்கப்பட்டன. கல் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் அங்கே கிடைத்தது. அந்தப் புலியை வார்த்தவனிடம் டிஜிட்டல் தராசு இல்லை, எந்த வெள்ளைக் கட்டி எது என்று அவன் எப்படிப் பிரித்தான் என்று அவ்வப்போது யோசிப்பேன். கடித்துப் பார்த்திருப்பானோ என்னவோ.

அம்மிச்சியின் ஈயச் சொம்பில் ரசம் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். ரசம் வற்றி, சொம்பே உருகி அடுப்பில் கட்டியாகிவிட்டது. ஈயம் விஷம் என்கிறார்களே, இத்தனை வருஷம் சாப்பிட்டோமே! அந்தக் கட்டியை வைத்து மறுபடி சொம்பு வார்க்க முடியுமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பயப்படாதீர்கள். நம் மொழியில் ஈயம் என்கிற ஒரே பெயரில் இரண்டு பேர் உலாவுகிறார்கள். சொம்புக்கும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதற்கும் உரியது வெள்ளீயம். விஷம் என்கிறது காரீயம், பேட்டரியில் இருப்பது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், ரசம் இருக்கிற வரைக்கும் தண்ணீர் அதைக் காப்பாற்றும், வற்றியதும் சொம்பு போயிற்று. எத்தனையோ வீட்டில் நடந்த கதைதான், அம்மிச்சியும் ஒரு தடவை உருக்கியிருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

கட்டியிலிருந்து ஒரு மெல்லிய பட்டை எடுத்து, காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். சுத்த வெள்ளீயம் கிரீச்சென்று முனகும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரிக் கோடும் போடும். தராசில் 7.3 வர வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: நூற்றுக்குப் பத்துப் பங்கு காரீயம் கலந்திருந்தால்கூட அடர்த்தி 7.5, 7.6 என்றுதான் நகரும், வீட்டுத் தராசு அதைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். ஆகவே சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு துண்டை லேபில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான். சொம்பு வார்ப்பதும் சுலபமில்லை, பழகின கைக்கே அந்த மெல்லிய சுவர் சரியாக வருவது கஷ்டம். அதைவிட ஒரு சின்னப் பிள்ளையார் வார்த்துப் பூஜையறையில் வையுங்கள்.

இதையொட்டியே இன்னும் மூன்று பேர், பழைய குழாய்ப் பித்தளையில் கரண்டி வார்க்கலாமா, இன்ஜின் அலுமினியத்தில் பணியாரக்கல் வார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கூடாது. கடைசல் சுலபமாக வர வேண்டும் என்று குழாய்ப் பித்தளையில் காரீயம் சேர்ப்பது சகஜம், புளிக்குழம்பில் அது கரையும். பித்தளைப் பாத்திரம் வேண்டுமென்றால் அனுப்பர்பாளையத்தில் வாங்கி, வெள்ளீயம் பூசி வைத்துக்கொள்ளுங்கள்.

சார், கடையில் துப்பாக்கி மாதிரி ஒரு எக்ஸ்ரே கருவி வைத்து ஒரு நொடியில் சொல்கிறார்கள். அது இருக்கும்போது அரமும் வினிகரும் எதற்கு? (மாணவர், பீளமேடு)

கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள், செம்புக் கலவைகளுக்கு அது நன்றாகச் சொல்லும். ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு லேசான தனிமங்கள் என்றால் கண் மங்கல். மக்னீசியம், அலுமினியம், சிலிக்கானில் தடுமாறும், பெரிலியம் கண்ணுக்கே தெரியாது. பெரிலியம் கலந்த செம்பு ஸ்பிரிங்குகளிலும் தீப்பொறி பறக்காத ஸ்பானர்களிலும் வரும், அதன் தூசியும் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். "சுத்தச் செம்பு" என்று கருவி காட்டிய ஸ்பானரை நம்பி அரைத்துவிடாதீர்கள், சுத்தச் செம்பில் யாரும் ஸ்பானர் செய்ய மாட்டார்கள். குரோம் பூச்சின் மேல் வைத்தால் பூச்சையும் சேர்த்துச் சொல்லிக் குழப்பும். அலுமினியத்துக்குச் சரியான கணக்கு வேண்டுமென்றால், உருக்கியதிலிருந்து காசு மாதிரி ஒரு வில்லை ஊற்றி, முகத்தைச் சமமாகக் கடைந்து, கோவையில் பவுண்டரிகளுக்கு ஸ்பெக்ட்ரோ (எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்கிற சோதனை) பார்க்கிற லேப் எதிலாவது கொடுங்கள்.

கூல்டிரிங்ஸ் அலுமினிய டப்பா 600 சேர்த்திருக்கிறேன். எத்தனை கிலோ வார்க்கலாம்? (பள்ளி மாணவர், பெருந்துறை)

கண்ணு, அந்தத் தகடு காகித மொத்தம்தான், உள்ளேயும் வெளியேயும் பெயிண்டும் பூச்சும் வேறு. நல்ல பங்கு ஆக்சைடும் கசடுமாகவே போய்விடும். கிடைக்கிற மிச்சமும் ஓடாது. டப்பாவை அப்படியே கடையில் போட்டு, அந்தக் காசுக்கு ஒரு உடைந்த அலாய் வீல் துண்டு வாங்கிக்கொள். உலையைப் பற்ற வைக்கும்போது வீட்டில் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும், காலில் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்.